காலிக் கோட்டைக்கு இரண்டு பேர் மட்டும்

போன வருடம் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு படுத்தவள் என் மகள். ஒன்பது மணிக்கு முன்னால் எழும்புவதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். வயது பதினாறு. நான் லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை மாலை வரைக்கும் பார்த்துக்கொள்ளும் இடம் அது. இருபத்திரண்டு குழந்தைகளை ஒரே நேரத்தில் தூங்கவைக்க எனக்குத் தெரியும். ஒரேயொரு பிள்ளையை எழுப்பத்தான் தெரியவில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, தலைகூட வாராமல், ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு அடுப்படியில் வந்து நின்றாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அம்மா, ஒங்களுக்கு மூணு நாள் லீவு கெடைக்குமா?"

"எதுக்கு?"

"காலிக்குப் போறோம். கோட்டைய பாக்க."

"யார் யாரு?"

"நீங்களும் நானும். ரெண்டு பேர் மட்டும். வேற யாராவது வந்தா நான் வரல."

சிரித்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் ட்ரிப் போவது என்றால் வேன் என்று அர்த்தம். பதினைந்து இருபது பேர், மடியில் பிள்ளைகள், காதைப் பிளக்கும் பாட்டு, பின்னால் அரிசி மூட்டை, விறகு, கோயிலிலிருந்து கேட்டு வாங்கிய அண்டா. போகிற இடத்தில் மூன்று கல்லை வைத்துச் சமைப்போம். தோட்டத்து முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் வேன் நகரும். இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது கிளம்பினால் அது ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் காகிதம் எடுக்க அரசாங்கக் கச்சேரிக்கு. இரண்டு பேருக்கு ட்ரிப் என்ற ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

காலி எப்படி வந்தது என்று கேட்டேன். சரித்திரப் பாடத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்துபோனதை ஒரு வருடம் முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறாளாம். அவர்கள் கட்டியதை ஒரு தடவையாவது பார்த்தால்தான் அப்படிப் பாடுபட்டதற்கு ஒரு நியாயம் கிடைக்குமாம். நியாயமெல்லாம் சரிதான். ஆனால் அவளுடைய போனில் அந்த வாரம் முழுக்க வெள்ளை வெளிச்சவீடும், நீலக் கதவுகளும், அந்தக் கதவுகளில் சாய்ந்து நிற்கும் பெண் பிள்ளைகளுமாக ஓடிக்கொண்டிருந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொப்பியை வாங்கிப் படித்தேன். தோட்டத்துத் துரைகூட வேலையை அப்படிப் பிரித்திருக்க மாட்டார். ஒவ்வொரு காரியத்துக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம். முதல் நாள், 3.30 – 3.45 எழும்புதல். 3.45 – 3.50 பல் துலக்குதல். பிறகு ஹட்டனுக்கு பஸ், ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ், கொழும்பிலிருந்து காலிக்கு ரயில். ரயிலில் வலது பக்கத்து யன்னல், கடல் அந்தப் பக்கம்தான். வெளிச்சவீட்டுக்கு மட்டும் மூன்று தடவை நேரம் ஒதுக்கியிருந்தாள். காலை வெளிச்சம், பகல் வெளிச்சம், மாலை வெளிச்சம். ஒல்லாந்தர் தேவாலயத்துக்குப் பத்தே நிமிடம். நான் கழிப்பறைக்குப் போவதற்குக்கூட நேரம் குறித்து, அடைப்புக்குறிக்குள் 'அம்மா' என்று எழுதியிருந்தாள்.

"முதல் வரியிலயே கவுந்துரும் இது. மூணரைக்கு ஒன்ன யாரு எழுப்புறது?"

"அலாரம்."

"அலாரத்த யாரு நிப்பாட்டுறது?"

பக்கத்தைப் புரட்டினேன். இரண்டாம் நாள் பின்னேரத்தில் ஒரு வரி. 3.30 – 4.15 அம்மா விருப்பம். அதற்கு நேரே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை.

"இது என்னா, எழுதாம வுட்டுருக்க?"

"அது நீங்க எழுதணும்."

"எனக்கென்ன விருப்பம். நீ போற எடத்துக்கு வர்றேன்."

"அது பதில் இல்லம்மா."

பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரிச் சொல்லிவிட்டுக் கொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மரியாதைக்கு ஒரு வரி விட்டிருக்கிறாள் என்று நினைத்து நான் அதை மறந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், மாதம் ஒருதடவை வருவார். அன்று இரவு போனில் விஷயத்தைக் கேட்டதும், தானும் கடையில் லீவு சொல்லிவிட்டுக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் வந்து சேர்ந்துகொள்ளட்டுமா என்று ஆசையாகக் கேட்டார். மகள் போனை வாங்கி, "இல்லப்பா, இது ரெண்டு பேர் ட்ரிப்" என்றாள். பாவம், மனிதர் ரயில் நிலையத்தில் வந்து கையாவது காட்டலாமா என்று கேட்டார். கொப்பியைப் பார்த்துவிட்டு, ஏழு நிமிடம் தரலாம் என்றாள்.

தங்குவதற்குக் கோட்டைக்குள்ளேயே, ஒரு குறுகிய ஒழுங்கையில், ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் அறை கொடுப்பதாகக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாளே தவிரப் பேச மாட்டாள். நாள் முழுக்கப் போனில் விரலால் பேசுகிற பிள்ளைக்கு வாயால் பேச வெட்கம். என்னைப் பேசச் சொன்னாள். என் சிங்களம் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போதுமான சிங்களம். நான் அதை வைத்துக்கொண்டு, அறை, இரண்டு பேர், இரண்டு ராத்திரி, சுடுதண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்து அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே பேசுங்களேன், நாங்களும் வீட்டுல தமிழ்தான்" என்றார். மகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அந்த வாரத்தில் நாங்கள் சண்டை போடாமல் இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. கெடுத்தது நான்.

எங்களிடம் பயணத்துக்கு ஏற்ற பை இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா அக்காவிடம், அவருடைய மகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த சில்லுவைத்த பை ஒன்று இருந்தது. அதைக் கேட்கப் போனேன். எங்கள் லயத்தில் கோப்பிக்குச் சீனி கேட்டால் ஏனென்று கேட்க மாட்டார்கள். பை கேட்டால் கேட்பார்கள்.

"காலிக்கு ஒரு நட போயிட்டு வரலாம்னு இருக்கோம்கா."

அக்கா பையின் தூசியைத் தட்டிக்கொண்டே, "எத்தன மணிக்கு வேன் எடுக்கிறது?" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் பஸ். எத்தனை பெரிய சொல் அது? ஆனால் அக்காவும் நானும் பதினாறு வருடமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிறோம். என் மகள் பிறந்தபோது வெந்நீர் வைத்தவர். போன எல்லா ட்ரிப்பிலும் ஒரே அடுப்பில் அவர் சோறு, நான் பருப்பு. அவரை விட்டுவிட்டுப் போகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. "இன்னும் பேசலக்கா" என்று சொல்லிவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. பிள்ளை விட வந்த முதல் தாய், குழந்தையை என் கையில் தரும்போதே, "அக்கா, எங்க வீட்டுல ரெண்டு பேர எழுதிக்கங்க" என்றாள். அடுத்தவள் மூன்று பேர் என்றாள். பத்து மணிக்குள் பத்தொன்பது பேர். தலவாக்கலையிலிருந்து வேன்காரத் தம்பி பின்னேரமே வந்து, காலிக்குப் போனால் அப்படியே கதிர்காமத்தையும் முடித்துக்கொண்டு எல்ல வழியாகத் திரும்பிவிடலாம் என்று வழி சொன்னான். கோயிலில் அண்டாவுக்கும் யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள்.

நான் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. "ஒன் பருப்பு இல்லாம ட்ரிப்பா" என்று நாலு பேர் சொல்லும்போது யாருக்குத்தான் கசக்கும்? மகளிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா அந்த வேலையை மிச்சம் வைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "பாப்பா, எனக்கு முன் சீட்டு. பின்னால இருந்தா தல சுத்தும்" என்று சத்தம் கொடுத்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். கொப்பியை மூடித் தலையணைக்கு அடியில் வைத்தாள். அவ்வளவுதான்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அவள் கத்தவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு எழும்பி வாசல் கூட்டினாள். பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். கேட்டதற்கு "சரிங்கம்மா" என்றாள். என் மகள் சொன்னபடி கேட்டு நடந்ததைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. மூன்று நாள் அப்படியே போனது.

அந்த மூன்று நாளும் எனக்குள் ஒரு நினைப்பு அரித்துக்கொண்டே இருந்தது. இவளுக்கு எங்களைப் பார்த்தால் வெட்கம். நீலக் கதவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற ஊரில், லயத்து ஆட்கள் அண்டாவோடு வந்து இறங்கினால் இவளுக்கு மானம் போகிறது. பெற்ற தகப்பனைக்கூட வேண்டாம் என்றாளே. இந்த அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. பிள்ளைக் காம்பராவில் ஒரு பாவமும் அறியாத குழந்தைகளை எல்லாம் அதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெடித்துவிட்டேன்.

"ஒனக்கு நம்ம ஆளுங்களோட வர வெக்கமா இருக்கா? இருந்தா வாயத் தொறந்து சொல்லு."

அவள் ஆளை அளப்பதுபோல என்னையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். லயத்து ஆட்கள் போன ட்ரிப்புகளின் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. அநுராதபுரம், திருகோணமலை, நல்லூர், கதிர்காமம். நூறு நூற்றைம்பது படம் இருக்கும்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க? காட்டுங்க."

தேடினேன். அக்காவின் பேரன் இருந்தான். வேன்காரத் தம்பி கறுப்புக் கண்ணாடியோடு ஏழு படத்தில் இருந்தான். என் வீட்டுக்காரர் அநுராதபுரத்துப் புத்த தாகபைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஒரு படத்தில் புகைக்குள் குனிந்திருக்கும் ஒரு முதுகு தெரிந்தது. அந்த மஞ்சள் சட்டை என்னுடையது. இன்னொன்றில் கரண்டி பிடித்த ஒரு கை இருந்தது, வளையலை வைத்து என் கை என்று கண்டுகொண்டேன்.

"அநுராதபுரத்துல என்னா பாத்தீங்க?"

"தாகப பாத்தேன். வெள்ளையா, பெருசா."

"எங்கருந்து பாத்தீங்க?"

"வேன் நிப்பாட்டின எடத்துல இருந்து."

"அடுப்பு பக்கத்துல இருந்தா?"

அவள் அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

"திருகோணமலையில மான் பாத்தீங்களா?"

"மானா? அங்க ஏது மான்?"

"கோயிலுக்குப் போற வழியில, ரோட்டுலயே நின்னுச்சும்மா. கிட்டப் போனாலும் ஓடல. எல்லாரும் தொட்டுப் பாத்தோம்."

"நான் அப்ப வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

"ஆமா" என்றாள். "எனக்கு யாரு மேலயும் வெக்கம் இல்ல. வேன் போனா அண்டா போகும். அண்டா போனா நீங்க அதுகிட்ட நிப்பீங்க. அப்பா வந்தாலும், அவருக்கு எங்க தேத்தண்ணி கெடைக்கும்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. நான் ஒங்களோட போகணும்னு கேட்டேன். ஒங்க பருப்போட இல்ல."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த அடுப்படிகளில் நான் சந்தோஷமாக இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். அக்காவும் நானும் ஊர்க்கதை பேசி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால் மட்டும் இல்லை. ஆனால் மானை நினைத்தால் தாங்க முடியவில்லை. எல்லோரும் தொட்டுப் பார்த்த மானை நான் மட்டும் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்பதுகூட எனக்கு இவ்வளவு காலம் தெரியாது. வேனில் திரும்பும்போது அவர்கள் மானைப் பற்றிப் பேசியிருப்பார்கள். களைப்பில் நான் தூங்கியிருப்பேன். அப்போதுதான் அழுகை வந்தது. மகள் பயந்துபோய்ச் சட்டென்று போனை மறைத்துவிட்டாள், போனால்தான் நான் அழுகிறேன் என்பதுபோல.

அன்று பகல் துணி துவைக்கப் பீலிக்கரைக்குப் போனேன். அக்கா இருந்தார், வேறு மூன்று நான்கு பேரும் இருந்தார்கள். இனியும் தள்ளிப்போட்டால் வேன் வாசலுக்கே வந்துவிடும் என்று, வாளியைக் கீழே வைக்கும் முன்பே சொன்னேன்.

"அக்கா, நானும் பாப்பாவும் மட்டும் போறோம். பஸ்ல. வேனுக்கு நான் வரல."

ஒருத்தி, "அப்ப பருப்பு?" என்றாள்.

அக்கா அவளைக் கவனிக்கவில்லை. "சோத்துக்கு என்னா பண்ணுவீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"கடையில."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

அக்கா கையிலிருந்த சவர்க்காரத்தைக் கல்லில் வைத்தார். அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நீங்க திருகோணமலையில மான் பாத்தீங்களாக்கா?"

"என்னா மானு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோட்டில் நின்ற மானைப் பற்றி மகள் சொன்னதைச் சொன்னேன். அக்காவும் சிரித்தார். அவர் சிரித்தால் கீழ் லயத்துக்குக் கேட்கும். சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் சிரிப்பை நிறுத்திவிட்டார். துணியைப் பிழிந்து, உதறி, மறுபடியும் பிழிந்தார்.

"போயிட்டு வா" என்றார். "ஒன்னய ஒரு போட்டோ எடுக்கச் சொல்லு பாப்பாகிட்ட. கடல மட்டும் எடுத்துக்கிட்டு வந்துறப் போறா."

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, வேன் கதிர்காமத்துக்குப் போகட்டும் என்றும், தானும் வருவதாகவும், ஆனால் இந்தத் தடவை அண்டாப் பக்கம் தலைவைத்துப் படுக்கப் போவதில்லை, ஆம்பளைகள் கிண்டட்டும் என்றும் அறிவித்தார். அன்று மாலைக்குள் பத்தொன்பது பேர் ஏழு பேராகிவிட்டார்கள். பெயரை விலக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்று கேள்வி.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. அந்த வயதில் அதெல்லாம் செய்ய மாட்டார்கள். தலையணைக்கு அடியிலிருந்து கொப்பியை எடுத்து, இரண்டாம் நாள் பக்கத்தை விரித்து, பேனாவையும் என் கையில் தந்தாள்.

"எழுதுங்க."

அம்மா விருப்பம். நான் 'கோயில்' என்று எழுதினேன். "யாருக்கு வேண்ட?" என்று கேட்டாள். அவளுடைய பெறுபேற்றுக்கு என்றேன். வெட்டிவிட்டாள். 'அப்பாவுக்கு உடுத்தச் சாரம் வாங்குதல்' என்று எழுதினேன். அதையும் வெட்டினாள். அக்காவுக்கு ஏதாவது வாங்கலாமா என்று வாய் திறந்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அப்புறம் எழுத ஒன்றும் வரவில்லை. நாற்பத்து மூன்று வயதில், ஒரு வரி எழுத, நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு குழந்தைகளில் எது எந்த நேரத்தில் எதற்கு அழும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு எத்தனை கரண்டி சீனி, அக்காவுக்கு வேனில் எந்தச் சீட்டு, மகளுக்கு முட்டையில் எந்தப் பக்கம் பிடிக்காது, எல்லாம் தெரியும். என்னை யாராவது கேட்டிருந்தால்தானே இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். மகள் அவசரப்படுத்தவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் எழுதினேன். 'கோட்டை மதிலில் சும்மா உட்கார்ந்திருப்பது. யாராவது தேத்தண்ணி வாங்கித் தருவது.'

கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் பேனாவை வாங்கினாள். பல் துலக்குவதற்கே முடியும் நேரம் போட்டவள், அந்த வரியில் 4.15 என்று இருந்ததை வெட்டிவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். அதற்குக் கீழே அவளுடைய வெளிச்சவீடு இருந்தது, மாலை வெளிச்சம். அதற்கு ஒரு அம்புக்குறி போட்டு மூன்றாம் நாளுக்கு இழுத்துக்கொண்டு போய், 'காலை 5.45' என்று எழுதினாள்.